ஹெப்டத்லான் சாம்பியன்கள் ஏன் இப்படி ஏறி ஏறி இறங்குகிறார்கள்?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். பதினைந்து வயது மகள் தடை ஓட்டமும் உயரம் தாண்டுதலும் நன்றாகச் செய்கிறாள். பள்ளியில் பி.டி. டீச்சர் ஹெப்டத்லானுக்கு மாற்றிவிடலாம் என்கிறார். அப்பா உட்கார்ந்து தேடிப் பார்த்திருக்கிறார். மேற்கு வங்கத்தின் ஸ்வப்னா பர்மன் 2018 ஆசிய விளையாட்டில் தங்கம், அடுத்த ஆசிய விளையாட்டில் நான்காம் இடம். இங்கிலாந்தின் கேடரினா ஜான்சன்-தாம்சன் ஒரு உலகப் போட்டியில் 28-ஆம் இடம், இன்னொன்றில் தங்கம், அடுத்து வந்த ஒலிம்பிக்கில் பாதியிலேயே வெளியே. "சாம்பியன்களே இப்படி நிலையில்லாமல் இருக்கிறார்களே, ஏன்?" என்று எழுதியிருக்கிறார். அதற்குள் எழுதாத கேள்வி ஒன்று இருக்கிறது: என் பொண்ணை இதில் விட்டால் உடம்பைக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்பாளோ? எனக்குக் கேட்டது அதுதான்.

நான் யார் என்றும் சொல்லிவிட வேண்டும். கடலூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது நானே ஹெப்டத்லான் செய்தவள், பெரிய அளவில் ஒன்றுமில்லை. என்னிடம் பயிற்சி எடுத்த பெண்களில் அதிகம் போனவள் 4,000 புள்ளிக்குப் பக்கத்தில். ஸ்வப்னா இருக்கும் உயரத்தை நான் கீழே நின்று பார்த்தவள்தான். அதனால் சாம்பியன்களைப் பற்றி நான் சொல்வது பதிவாகியிருக்கும் எண்களை வைத்து. பதினைந்து வயதுப் பெண்களைப் பற்றிச் சொல்வது கிரவுண்டில் நின்றதை வைத்து. டாக்டர் இல்லை, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெப்டத்லான் என்பது இரண்டு நாளில் ஏழு போட்டி. முதல் நாள் 100 மீட்டர் தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், 200 மீட்டர். இரண்டாம் நாள் நீளம் தாண்டுதல், ஈட்டி, கடைசியில் 800 மீட்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி அட்டவணை உண்டு, கூட்டினால் வரும் மொத்தம்தான் இடத்தைத் தீர்மானிக்கும். முதலில் வந்தாளா, கடைசியில் வந்தாளா என்பதற்குப் புள்ளி கிடையாது. நேரத்துக்கும் தூரத்துக்கும்தான் புள்ளி. இதைச் சொன்னால் தெரிந்ததுதானே என்பார்கள். ஆனால் ஏற்ற இறக்கம் என்று நாம் நினைப்பதில் பாதி இந்த அட்டவணைக்குள்தான் இருக்கிறது. உயரம் தாண்டுதலில் 1.80-க்கு 978 புள்ளி, 1.83-க்கு 1,016. ஒரே ஒரு கம்பி, மூன்று சென்டிமீட்டர், 38 புள்ளி. 800 மீட்டரில் 2 நிமிடம் 20 நொடி ஓடுகிறவளுக்கு ஒரு நொடி கூடினால் 13, 14 புள்ளி போகும். இப்போது இதைப் பாருங்கள்: சீனாவின் ஹாங்சோவில் 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கிய தெலங்கானாப் பெண் நந்தினி அகசராவுக்கு 5,712. நான்காவதாக வந்த ஸ்வப்னாவுக்கு 5,708. நாலு புள்ளி! 800 மீட்டர் கணக்கில் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு நாள் ஏழு போட்டி செய்து, கண் சிமிட்டும் நேரத்தில் பதக்கம் போயிற்று. 1984 லாஸ் ஏஞ்சலிஸில், ஹெப்டத்லான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் வந்தபோது, அமெரிக்காவின் ஜாக்கி ஜாய்னர் தங்கத்தை விட்டது 5 புள்ளியில். அதே ஜாக்கிதான் நாலு வருஷம் கழித்து சியோலில் 7,291 எடுத்தார். அந்த உலக சாதனையை இன்றுவரை யாரும் நெருங்கவே இல்லை.

ஆகவே தங்கத்திலிருந்து நான்காம் இடம் என்று படித்தவுடனே "விழுந்துவிட்டாள்" என்று முடிவு கட்டாதீர்கள். இடத்தைப் பார்க்காமல் மொத்தப் புள்ளியைப் பாருங்கள். ஸ்வப்னா 2018 ஜகார்த்தாவில் எடுத்தது 6,026. பாங்காக்கில் 2023 ஜூலையில் ஆசியச் சாம்பியன்ஷிப் வெள்ளி வாங்கும்போது 5,840. அடுத்த மூன்று மாதத்துக்குள் ஹாங்சோவில் 5,708. அந்த இறக்கம் நிஜம்தான், மழுப்பவில்லை. ஆனால் அது ஐந்து வருஷத்தில், முதுகுக் காயத்தோடு, மெதுவாக நடந்த இறக்கம். 'தங்கம், அப்புறம் ஒன்றுமில்லை' என்று தலைப்பு போடுகிற மாதிரி நடக்கவில்லை.

அந்த ஜகார்த்தா இரண்டு நாளைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை. ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட வேலை பார்த்த அம்மா, வண்டி இழுத்துப் பிழைத்துப் பிறகு நோயில் படுத்துவிட்ட அப்பா. இரண்டு காலிலும் ஆறாறு விரல். சாதாரண ஸ்பைக்ஸ் போட்டால் கால் அகலம் கொள்ளாது, ஒவ்வொரு அடியும் வலி. பல் வலிக்காகத் தாடையில் பட்டையாக டேப் ஒட்டிக்கொண்டு ஓடினார், படம் பார்த்திருப்பீர்கள். உயரம் 1.82, அது 1,003 புள்ளி. ஈட்டி 50.63 மீட்டர், 872 புள்ளி. இந்த இரண்டும்தான் அவரைத் தூக்கியது. குண்டும் 200 மீட்டரும் சுமார். கடைசி 800-க்கு நிற்கும்போது சீனப் பெண்ணைவிட 64 புள்ளி முன்னால். கணக்குப் போட்டால் ஐந்து நொடிக்கும் குறைவு. இந்த இடத்தில் ஒரு பயிற்சியாளர் தன் பெண்ணிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "ஜெயிக்க ஓடாதே, அவளை விடாதே." ஸ்வப்னா 800-இல் நான்காவதாக வந்தார், தங்கம் வாங்கினார். ஓட்டத்தில் நான்காவது, போட்டியில் முதலாவது என்பதை என் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு கரும்பலகையே தேவைப்பட்டது.

சரி, ஜான்சன்-தாம்சன் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதற்கு அவர் வாழ்க்கையை விட நல்ல பாடம் கிடைக்காது. லிவர்பூல்காரர், 1993-இல் பிறந்தவர். 2015 பெய்ஜிங் உலகப் போட்டியில் முதல் நாள் முடிவில் இரண்டாம் இடம். அடுத்த நாள் காலை நீளம் தாண்டுதல், அது அவருக்குக் கைவந்த போட்டி. மூன்று முறையும் ஃபவுல் (பலகைக் கோட்டைக் கால் தாண்டினால் அந்தத் தாண்டல் செல்லாது). மூன்று தாண்டலுக்கு மேல் வாய்ப்பு கிடையாது. பூஜ்யம். அவர் தரத்துக்கு அங்கே ஆயிரம் புள்ளி சும்மா வரும். கடைசியில் 28-ஆம் இடம். அதே போட்டியில் அதே நாட்டின் ஜெசிகா என்னிஸ்-ஹில், குழந்தை பிறந்து ஒரு வருஷம் ஆன நிலையில், தங்கம். அடுத்த வருஷம் ரியோ ஒலிம்பிக். ஜான்சன்-தாம்சன் உயரம் 1.98 தாண்டினார். அந்த ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலை மட்டும் தனியாகச் செய்தவர்களில் தங்கம் வாங்கியவர் தாண்டியது 1.97! ஆனால் ஹெப்டத்லானில் இவருக்கு ஆறாம் இடம், ஏனென்றால் குண்டும் ஈட்டியும் கீழே இழுத்தன. அடுத்த வருஷம் 2017-இல் லண்டனில் சொந்த மக்கள் முன்னால் அதே உயரம் தாண்டுதலில் 1.80-இல் நின்றுவிட்டார். ஐந்தாம் இடம். அன்றைக்கு 1.89 தாண்டியிருந்தால் வெண்கலம், நான் அட்டவணையை வைத்துக் கூட்டிப் பார்த்திருக்கிறேன்.

மூன்று வருஷம், மூன்று அடி. பத்திரிகைகள் 'மனபலம் இல்லாதவர்' என்கிற மாதிரி எழுதின. எனக்கு அது அப்போதே பிடிக்கவில்லை, ஏன் என்பதற்கு என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது.

கடலூரில் ஒரு மண்டலப் போட்டி. என் பெண் ஒருத்தி, முதல் நாள் முடிவில் இரண்டாவது. காலை ஏழு மணிக்கே அழைத்துப் போய் நீளம் தாண்டும் ஓடுபாதையில் ரன்-அப், அதாவது ஓடிவரும் தூரத்தை, அளந்தோம். பாதம் பாதமாக வைத்து எண்ணி, அந்த இடத்தில் ஒரு செங்கல் துண்டு வைத்தாள். ஆறு முறை ஓடிப் பார்த்தாள், ஆறு முறையும் கால் பலகையில் சுத்தமாக விழுந்தது. ஆனால் போட்டி தள்ளித் தள்ளி மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் ஆரம்பித்தது. நம் ஊரில் மதியத்துக்கு மேல் என்ன நடக்கும் என்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். கடல்காற்று எழும்பிவிட்டது. அன்று அது ஓடுகிறவர்களுக்கு முதுகுக்குப் பின்னாலிருந்து. காற்று தள்ளும்போது ஒவ்வொரு எட்டும் ஒரு விரல்கடை நீளும், பதினைந்து எட்டுக்கு அது ஒன்றரை அடி. முதல் தாண்டல், சிவப்புக் கொடி. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று "பார்த்து ஓடு" என்று கத்தினேன். இரண்டாவது, சிவப்பு. "பயப்படாதே" என்று கத்தினேன். மூன்றாவது, கால் பலகை தேடித் தடுமாறி, சிவப்பு. ஒரு பயிற்சியாளர் சொல்ல வேண்டியது "செங்கல்லை ஒன்றரை அடி பின்னால் தள்ளி வை" என்கிற ஒரே வாக்கியம். அது எனக்கு அன்று இரவு பஸ்ஸில்தான் தோன்றியது. அவள் 4.90 தாண்டுகிறவள், 532 புள்ளி போனது. அவளுக்கு மனபலம் இல்லை என்று நாலு பேர் சொன்னார்கள். மனபலம் இல்லாதவளா பூஜ்யம் வாங்கிவிட்டு ஈட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த போட்டிக்குப் போவாள்? எனக்குத்தான் அன்று மூளை வேலை செய்யவில்லை. (ஃபவுலுக்குப் பூஜ்யம்தான், வெளியேற்றம் இல்லை. ஆனால் ஏதாவது ஒரு போட்டியைத் தொடங்கவே இல்லை என்றால் ஆட்டம் முடிந்தது, மிச்சத்தில் கலந்துகொள்ள முடியாது. இந்த விதி தெரியாமல் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.)

பெய்ஜிங்கில் நடந்ததும் காற்றால்தான் என்று நான் சொல்லவில்லை. மூன்று ஃபவுலுக்கு நூறு காரணம் இருக்கலாம், மனசும் அதில் ஒன்றாக இருக்கலாம். வெளியே நின்று பார்க்கிறவர்கள் எந்தக் காரணம் என்று அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள் என்பது வரைக்கும்தான் என் அனுபவம் போகும்.

அப்புறம் என்ன ஆயிற்று? ரியோவுக்குப் பிறகு, லண்டனுக்கு முன்பே, ஜான்சன்-தாம்சன் ஊரை விட்டு பிரான்ஸில் மோன்பெலியே போய், புதுப் பயிற்சியாளர்களிடம் சேர்ந்திருந்தார். 2018-இல் காமன்வெல்த் தங்கம், ஐரோப்பிய வெள்ளி. 2019 தோஹா உலகப் போட்டியில் 6,981 புள்ளி, பிரிட்டிஷ் சாதனை, தங்கம். இரண்டாவதாக வந்தவர் ஒலிம்பிக் சாம்பியன் நஃபிசாட்டு தியாம், அவரைவிட 304 புள்ளி அதிகம். அதில் நான் கவனிக்கச் சொல்வது எதை என்றால், அன்று அவர் தன் சொந்தச் சாதனையை முறியடித்தது நாலு போட்டியில்: தடை ஓட்டம், குண்டு, ஈட்டி, 800. குண்டு 13.86 மீட்டர். ரியோவில் காலை வாரிய அதே குண்டு, அதே ஈட்டி. உயரமும் நீளமும் எப்போதும் இருந்ததுதான். இடம் மாறியதால் இது நடந்ததா, வயது முதிர்ந்ததால் நடந்ததா, காயம் இல்லாமல் இரண்டு வருஷம் தொடர்ந்து பயிற்சி செய்ய முடிந்ததால் நடந்ததா? என் ஊகம் கடைசிக் காரணம். ஊகம்தான்.

ஏனென்றால் அடுத்த இறக்கம் காயத்திலிருந்துதான் வந்தது, அதில் சந்தேகம் இல்லை. 2020 கடைசியில் குதிகால் தசைநாண் அறுந்தது, டாக்டர்கள் அக்கிலிஸ் என்பார்கள். எட்டு மாதத்தில் டோக்கியோ ஒலிம்பிக். அங்கே 200 மீட்டர் ஓடும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தார். சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்று எழுந்து நொண்டிக்கொண்டே கோட்டைத் தாண்டினார். பாதை மாறிக் கால் வைத்ததற்காகத் தகுதிநீக்கம். 2022 உலகப் போட்டியில் எட்டாம் இடம். எல்லாரும் முடிந்தது கதை என்றார்கள். 2023 புடாபெஸ்டில் மறுபடி உலகத் தங்கம், 6,740. அமெரிக்காவின் அன்னா ஹாலுக்கு 6,720. கடைசி 800-இல் தன் வாழ்நாளின் சிறந்த நேரம், 2 நிமிடம் 5.63 நொடி, ஓடித்தான் அந்த இருபது புள்ளியைக் காப்பாற்றினார். பாரிஸ் ஒலிம்பிக்கில் 31 வயதில் வெள்ளி. தியாமுக்கு 6,880, இவருக்கு 6,844. அதாவது உயரம் தாண்டுதலில் ஒரு கம்பிக்கும் குறைவு.

நம் ஜே.ஜே. ஷோபாவையும் விட மனசில்லை. தார்வாட் பக்கத்துப் பெண். 2004-இல் அவர் எடுத்த 6,211-ஐ இருபது வருஷம் கழித்தும் எந்த இந்தியப் பெண்ணும் தாண்டவில்லை. அதே வருஷம் ஏதென்ஸில் ஈட்டி எறியும்போது கணுக்கால் மடங்கி, தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து 800 ஓடினார், 11-ஆம் இடம். வீரம்தான், கை தட்டலாம். ஆனால் உங்கள் மகளோடு நான் இருந்தால் அந்த 800-க்கு விட மாட்டேன். ஒலிம்பிக்கில் 26 வயது வீராங்கனை எடுக்கும் முடிவு வேறு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நாம் எடுக்கும் முடிவு வேறு.

இனி உங்கள் எழுதாத கேள்வி. ஏழு போட்டியும் ஒரே உடம்பிலிருந்துதான் எடுக்கிறது. குண்டுக்குக் கனம் வேண்டும், உயரத்துக்குக் கனம் கூடாது. தடை ஓட்டத்துக்கு வெடிப்பு, 800-க்கு மூச்சு. ஒன்றை ஏற்றினால் இன்னொன்று இறங்கப் பார்க்கும். இடது கால், இல்லை வலது கால், எந்தக் காலில் எம்புகிறாளோ, பெரும்பாலும் அந்த ஒரே கால்தான் உயரம், நீளம் இரண்டுக்கும் அடி வாங்கும். காயம் அதிகம் என்பது பயமுறுத்தலுக்காகச் சொல்வதல்ல. ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு, அதைப் பெற்றோர்கள் யோசிப்பதில்லை: ஒரே போட்டியை வருஷம் முழுக்க, வாரம் ஆறு நாள் செய்கிற பிள்ளைக்கும் காயம் வருகிறது, அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. பதினைந்து வயதில் பலவிதமாக ஓடித் தாண்டி எறிவது உடம்புக்கு நல்லது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வாரத்தில் ஏழையும் திணிப்பதுதான் கெடுதல்.

அதனால் டீச்சர் சொல்வதில் தப்பில்லை, வேகத்தை மட்டும் கேளுங்கள். தடை ஓட்டமும் உயரமும் கையில் இருக்கிறது என்றால் பாதி வேலை முடிந்தது, அவை இரண்டும்தான் கற்றுக்கொடுக்கக் கடினமானவை. இந்த வருஷம் நீளமும், எடை குறைந்த குண்டை வைத்து வெறும் நுட்பமும் போதும். 18 வயதுக்குக் கீழ் குண்டு 3 கிலோ, ஈட்டி 500 கிராம், பெரியவர்களுக்கு 4 கிலோ, 600 கிராம். "இப்போதே பெரியவங்க குண்டில் பழகட்டும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈட்டியைக் கடைசியாகத் தொடட்டும். தோளும் முழங்கையும் முரட்டுத்தனமாக எறிந்து கெட்டால் சரியாக நாளாகும். 800-ஐ யாருக்குமே பிடிக்காது, அதை வாரம் ஒரு நாள் தேவனாம்பட்டினம் ஈர மணலில் மெதுஓட்டமாக மாற்றிவிடுங்கள்.

வலியில் இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். பயிற்சிக்கு மறுநாள் இரண்டு தொடையும் ஒரே மாதிரி இறுகி வலித்தால் அது உழைத்த வலி. ஒரே காலில், விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஒரே புள்ளியில், முழங்காலுக்குக் கீழேயோ கெண்டைக்கால் எலும்பிலேயோ வலித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். இன்னொன்று, நம் வீடுகளில் அப்பாக்களிடம் பேசாத விஷயம், அம்மாவிடம் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள்: மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் போனால் அது "ஓடுற பொண்ணு, அப்படித்தான்" என்று விடுகிற விஷயம் கிடையாது. உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு போகவில்லை என்பதற்கு அது ஒரு அடையாளமாக இருக்கலாம், எலும்பையும் பாதிக்கும். என் காலத்தில் நாங்கள் யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். போட்டி நாளில் இரண்டு போட்டிக்கு நடுவே குறைந்தது அரை மணி நேரம் கொடுப்பார்கள், அதற்குள் வாழைப்பழம், வேர்க்கடலை உருண்டை, உப்புப் போட்ட மோர் மாதிரி ஏதாவது. பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து நின்ற பெற்றோரை நான் திட்டியிருக்கிறேன், இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு நோட்டு வாங்குங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அண்ணா விளையாட்டரங்கத்துக்கு அழைத்துப் போய் அவள் ரன்-அப்பை அவள் பாதத்தாலேயே அளந்து எழுதுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி போய், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்துவிட்டு இன்னொரு முறை அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள்.